உப்பில்லாத ரொட்டி

ஏற்றத்தில் நான் முந்துவேன்,
இறக்கத்தில் பெல்மீருவின் ரொட்டி வேன் முந்தும்.
காலையிலிருந்து இதேதான்.
ஒவ்வொரு முறையும் ஹார்ன் அடிக்கிறான்,
எனக்கா ஊருக்கா, தெரியவில்லை.

போர்ச்சுகல் முடிகிற மலை.
அந்த முகட்டுக்கு அப்பால் ஸ்பெயின்.
பின்சக்கரம் ஜல்லியைக் கடித்துத் துப்புகிறது.
செஸ்ட்நட் மரத்தடியில்
முள்ளுறைகள் பிளந்து கிடக்கின்றன,
டயருக்கு ஆகாத அழகு.

ஓடைப் பாலத்தை நேற்றைய மழை தின்றிருந்தது.
மிச்சம் ஒரு பலகை அகலம்.
பெல்மீரு வேனை அணைத்துவிட்டு
என் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தான்.
அப்புறம் கேட்கவெல்லாம் இல்லை.
ஐந்து ரொட்டி முதுகுப் பையில்,
இரண்டு சட்டைக்குள்.
"நீல கேட் வீட்டுக்கு உப்பில்லாதது. மாற்றிவிடாதே."

சைக்கிளைத் தோளில் போட்டுக் கடந்தேன்.
வயிற்றோடு ரொட்டியின் சூடு.
பிள்ளைத்தாய்ச்சி மாதிரி
சரளையில் பார்த்துப் பார்த்து மிதித்தேன்.

மறுகரையில் ஏழு வீடு, பதினோரு நாய்.
என்னிடம் ஹார்ன் இல்லை.
இருந்த மணியையும் எடை குறைக்கக் கழற்றியிருந்தேன்.
நடுத்தெருவில் நின்று
வாயாலேயே அடித்தேன்:
பாம், பாம்.

ஜன்னல்கள் திறந்தன.
அடோசிந்தா ரொட்டியை அமுக்கிப் பார்த்தாள்,
முகர்ந்தாள்,
முகத்தைச் சுளித்தாள்,
சில்லறையை எண்ணித் தந்தாள்.
"நாளைக்காவது சீக்கிரம் வா."

திரும்பும் இறக்கத்தில்
சில்லறை குலுங்கிய குலுங்கலில்
சங்கிலிச் சத்தமே கேட்கவில்லை.

நீல கேட் வீட்டில்
எதைக் கொடுத்தேன் என்பது
பாலத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.
பெல்மீரு அங்கேயே நின்றிருந்தான்,
கையை ஆட்டிக்கொண்டு.