பன்னிரண்டு கட்டம்

உரிமைக்கோரல் படிவம், ஏழாம் பத்தி:
வாகனத்தின் தன்மை. ஒரே சொல்லில். ஆங்கிலத்தில்.
பன்னிரண்டு சின்னக் கட்டம்.

துவான் சம்ஷீரின் ஓட்டோ
யூனியன் பிளேஸில் எங்கள் கந்தோர் வளவுக்குள்
ஜம்பு மரத்தின் கீழே நிற்கிறது.
மூக்கு நசுங்கியிருக்கிறது, 138 பஸ்ஸின் வேலை.
டோர்ச்சோடு குனிந்து நான் கேட்கக் கேட்க
கல்யாண வீட்டில் உறவுகளைக் காட்டுவதுபோல்
ஒவ்வொன்றாய்ச் சொன்னார்:
"ஹூட் பஞ்சிகாவத்தையில எடுத்த.
எஞ்சின் கடுவலையில ஆத்துக்க விழுந்த ஒண்டுட.
மீட்டர் என்ட மச்சான்ட.
இந்த லைட் ஒரு மோட்டர் சைக்கிள்ட,
எந்த மோட்டர் சைக்கிள் எண்டு கேக்க வாணாம்."
செஸி?
"அது மட்டும் கொம்பெனி. பாதி."

மேலே வந்து அகராதியைத் திறந்தேன்.

கொம்பவுண்டில் தொடங்கினேன்.
ஆனால் அந்தச் சொல் இந்த நகரத்தில்
ஏற்கெனவே நாலு இடத்தில் வேலை பார்க்கிறது:
வங்கியில் வட்டி,
பள்ளிக்கூடத்தில் மதிலுக்குள் இருக்கும் வெறும் நிலம்,
டிஸ்பென்சரியில் வாலொன்று முளைத்து
மருந்து கலக்கும் ஆள்.
பெரியாஸ்பத்திரித் துண்டில்
சம்ஷீரின் வலது காலுக்கும் அதையே எழுதியிருந்தார்கள்.
எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் கொம்பவுண்ட்.
பல சேர்ந்து ஒன்றானதற்கும்
ஒன்று உடைந்து பலவானதற்கும்
ஒரே சொல்லைக் கொடுத்துச் சமாளிக்கிறது அந்தப் பாஷை.
விட்டேன்.

கொம்பசிட், பல் டொக்டர் அடைப்பது.
மொடியூலர், பத்தரமுல்லைச் சமையலறை.
மொட்லி என்றால் கோமாளியின் சட்டை என்று இருந்தது.
கீழே அவர் சட்டையில் பொத்தான்கள்
இரண்டு நிறத்தில் இருந்தது ஞாபகம் வந்து
பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஹெட்டரோஜீனியஸ். ஆகா.
பென்சிலால் நிரப்பிக்கொண்டே போனேன்.
பதின்மூன்று எழுத்து.
கடைசி எஸ்
பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் கோட்டுக்கு வெளியே நின்றது.
அழித்தேன்.

மல்டிஃபேரியஸ், விரல் விட்டு எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு!
ஓடிப்போய்க் காட்டினேன்.
விக்கிரமரத்ன சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நெஃபேரியஸின் தம்பியா மிஸ் இது?
வாசிக்கிறவன் ஃப்ரோட் பிரிவுக்கு அனுப்பிவிடுவான்."

தமிழில் கேட்டிருந்தால் லேசு என்று
கொஞ்ச நேரம் நினைத்தேன்.
கலப்பு என்றால் பாலில் தண்ணீர், பெண் பார்க்கையில் பேச்சு நின்றுபோகும்.
கதம்பம் சாமிக்கு. கூட்டு சோற்றுக்கு.
ஒட்டு மாமரத்துக்கு.
கொத்து என்று எழுதலாம்.
எதிர்க் கடையில் இரண்டு தகடும் தாளம் போட்டு
நேற்றைய ரொட்டியை இன்றைய முட்டைக்குள்
வெட்டிக்கொண்டிருந்தன.
பசித்தது. அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குக் கீழே ஸ்டார்ட் பண்ணும் சத்தம்.
மகள் ஸுரைனி ஓட்ட
அவர் பின்னால், மாக்கட்டுக் காலை வெளியே நீட்டிக்கொண்டு.
முதலில் எஞ்சின் மட்டும் உதறியது.
பிறகு ஹூட்.
சற்றுப் பிந்திச் சீற்றின் கம்பி.
எல்லாவற்றுக்கும் கடைசியாக மச்சானின் மீட்டர்.
ஒவ்வொன்றும் தன் பழைய வண்டியின் நடுக்கத்தைத்
தனித்தனியே நடுங்கி,
பிறகு, எந்த நொடியில் என்று பிடிக்க முடியவில்லை,
எல்லாம் ஒரே இரைச்சலாகி
காவலாளி கயிற்றை இறக்க
பாதைக்குள் போய்விட்டது.

எழுதினேன்: கொம்ப்ளீட்.
எட்டு எழுத்து.
மீதி நான்கு கட்டத்துக்கும் கோடு கிழித்தேன்,
வேறு கை எதையும் செருகிவிடக் கூடாதே.
சேர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை,
சின்னக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்குப் போகையில்
ஜம்பு மரத்தடியில் ஒரு போல்ட் கிடந்தது.
நட் இல்லை.
இப்போது என் மேசை லாச்சிக்குள்
குண்டூசிகளோடு இருக்கிறது.
எந்த வண்டியுடையது என்று தெரியாது.
கேட்டுக்கொண்டு அவரும்
இன்னும் வரவில்லை.