பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

அருமனையில் ஆறாம் நாளாக மழை.
ரப்பருக்கு வெட்டில்லை, எனக்குப் படிப்பு ஓடவில்லை.
அப்பாவின் பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு
கடைசிப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தேன்.

அங்கே, நான் டாக்டருக்குப் படித்த ஊரில்,
ஆறு கரை தாண்டிவிட்டது.
என் போனில் அதற்கு இரண்டு ஜன்னல்.

இடப்பக்கம் சீன மொழி:
முழங்கால் தண்ணீரில் கிழவியைச் சுமக்கும் சிப்பாய், ஒன்பது.
புதுப் பாலம் அசையவில்லை, நான்கு.
நடிகையின் விவாகரத்து, எண்ணி மாளாமல் விட்டேன்.
அணையை எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்று
ஒருவன் கேட்டிருந்தான்.
கட்டன்சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால்
கேள்வி இருந்த இடம் வழவழவென்று,
புதிதாகப் பூசிய சுவர் மாதிரி.

வலப்பக்கம் லண்டனும் நியூயார்க்கும்:
அணை, அணை, அணை,
மறைத்தார்கள், மறைக்கிறார்கள், மறைப்பார்கள்.
நடுநடுவே போர்க்கப்பல் பதினொன்று, ஒற்றன் மூன்று.
வெள்ளத்துக்குக் கீழே ஒருவன் சிரிக்கும் பொம்மை போட,
கூடச் சிரித்தவர்கள் இருநூறு பேர்.
அந்த ஜன்னலில் தெரிகிற சீனாவில்
யாருக்கும் பல் வலிப்பதில்லை,
யாரும் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போவதில்லை.

இரண்டும் பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.
சிப்பாய் சுமந்தது நிஜம்.
அணை திறந்ததும் நிஜம்தான் போல.
கீழ்த்தெருவில் மூன்று படி இறங்கினால் வரும்
லியூ அக்காவின் நூடுல்ஸ் கடை மட்டும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

நானும் யோக்கியமில்லை.
உன் ஊரைக் காட்டு என்று அங்கே கேட்டபோதெல்லாம்
திற்பரப்பு அருவியைக் காட்டினேன்,
வாசலில் வந்து நின்ற வங்கிக்காரரைக் காட்டவில்லை.
திரும்பி வந்தபோது
மேல்புறம் சந்தை முதல் சர்ச் நடை வரை
எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
“பாம்பு தின்னியா பிள்ளே?”

இரவு பதினொன்றரைக்கு லியூ அக்காவின் குரல்.
மாவு மூட்டை நாலு போச்சாம்.
பிரிட்ஜ் படகுபோல மிதந்ததாம், அவளே சிரிக்கிறாள்.
பின்னால் யாரோ வாளியால் இறைக்கும் சத்தம்.
பரீட்சை என்னாச்சு, இந்தத் தடவையாவது பாஸா?
பதிலுக்கு அணையைப் பற்றி ஒரு வரி தட்டினேன்.
அவளுக்கு எதற்கு வம்பு என்று
நானே அழித்தேன்.

காலையில் அப்பா நோட்டைத் தேடி எடுத்தார்.
என் கோடுகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
முன்பக்கம் திருப்பி எழுதினார்:
மழை. வெட்டில்லை.
நேற்றும் அதுதான், முந்தாநாளும் அதுதான்.
என் படிப்புக்கு வாங்கிய கடன்
அந்த நோட்டில் எங்குமே இல்லை.