ஒரு சாண் சட்டம்

அமாவாசைக்கு மறுநாள்
பத்தே காலுக்குக் கடல் நன்றாக உள்வாங்கிவிட்டது.
பார்க் ரைனியில், தண்டவாளத்துக்குக் கீழே,
பாறைமேல் மண்டியிட்டு
கம்பிச் சட்டத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
சாணுக்கும் குறைந்த சதுரம்.
நிமிர்ந்தால் கணக்குத் தப்பும்.

போன ஆகஸ்டில் தெம்பேக்கா உளி பிடித்தாள், நான் சுரண்டினேன்.
ஒரு சதுரத்தைக்
கல்லின் சொந்த நிறம் தெரியும்வரை வழித்தோம்.
ஒன்றைத் தொடவில்லை,
நூற்று நாற்பது கொட்டலசுகள்
தோளோடு தோள் நெரிய அப்படியே விட்டோம்.
இன்னொன்றில் முப்பது மட்டும், அங்கங்கே.
மூலைக்கொரு பித்தளைத் திருகாணி.
பிறகு கடலிடம் விட்டுவிட்டு
ஆளுக்கொரு கால் பன்னி வாங்கித் தின்றோம், பீன்ஸ் போட்டது.

வருகிறவை கடுகில் கால்வாசி.
நீரில் திரிந்து, பலமுறை சட்டை உரித்து,
கடைசிச் சட்டையில்
தின்ன வழியில்லாத உருவம்.
உடம்பில் சேர்த்த கொழுப்பு தீருமுன்
ஓரிடம் முடிவாக வேண்டும்.
இரண்டு முன்கொம்பு ஊன்றி
நடந்து, நின்று, திரும்பி,
பெரியவை இருந்த கல்லின் ருசியைத் தொட்டுத் தொட்டுத் தேடும்.
பிடித்துவிட்டால்
தலையைப் பசையிட்டு ஒட்டிக்கொண்டு
ஆயுள் முழுக்கக் காலால் உண்ணும்.
மறுபடி யோசிக்க முடியாது.

வழித்த சதுரத்தில் நான்கு.
இத்தனை இடம், இத்தனை சுத்தம்,
நான்கே நான்கு.

அதே ஆகஸ்டில்
உம்லாங்காவில் ஒரு ஃபிளாட் பார்த்தேன்.
புதுப் பெயின்ட் வாசம். எட்டாவது மாடி.
சுவரில் காது வைத்துப் பார்த்தேன், ஏஜென்ட் சிரித்தான்.
யாரும் இருமவில்லை.
பால் கொதிக்கும் சத்தம்கூட இல்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று
சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

நிறைந்த சதுரத்தில் பதினொன்று.
கல்லில் அல்ல, மூத்தவற்றின் ஓட்டின்மேல்.
பருக்க வழியில்லாமல் இவை
குழாய்போல் ஒல்லியாய் உயர்ந்திருக்கின்றன.
அடிப்பிடி விரல்நுனியளவு.
ஜூலையில் ஒரு பேரலை வந்து
பக்கத்துத் திட்டை
ரொட்டித் துண்டைப் பிய்ப்பதுபோல் பிய்த்துப் போனது.
வந்து இறங்கும் குஞ்சைப்
பெரியவையே விசிறிக் காலால் வாரித் தின்பதும் உண்டு.
தெம்பேக்கா இதைச் சிரிக்காமல் சொன்னாள்.
அவள் வீட்டில் ஒன்பது பேர்.

சாட்ஸ்வொர்த்தில் என் அண்ணன் பிரகாசன்,
அண்ணி, அவள் அம்மா, மூன்று பிள்ளைகள்,
ஒரு குளியலறை.
"உனக்கில்லாத இடமா" என்று
சோபாவிலிருந்து துணிக்குவியலை நகர்த்தினான்.
உண்மையாகத்தான் சொன்னான்.
இரவு இரண்டு மணிக்கு
யாருடையதென்று தெரியாத ஒரு கால்
என் விலாவில் கிடந்தது.

முப்பது விட்டுவைத்த சதுரம்
இன்னும் முடியவில்லை.
எழுபதைத் தாண்டிவிட்டேன்.
ஒவ்வொரு மூத்ததின் நிழலோரமும்
பழுப்புப் புள்ளிகள்,
ஒட்டாமல், விலகாமல்.
நகராத உயிருக்கு
அடுத்த வீடு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பிள்ளை.
வெயிலுக்கும் பக்கத்து ஓட்டின் ஈரம் வேண்டும்.
தொண்ணூற்றேழு.
இரண்டாம் முறையும் தொண்ணூற்றேழு.

இதில் எனக்கான பதில் இருக்கிறதா என்று
தெம்பேக்கா கேட்கவில்லை.
இசிபிங்கோவில், டயர்க்கடைக்கு மேல்
ஓர் அறை காலி என்று மட்டும் சொன்னாள்.
கீழே நாளெல்லாம் சுத்தியல்.
பக்கத்து அறையில் ஒரு நர்ஸ், இரவுப் பணி.

நீர் திரும்புகிறது.
எழுந்தால் முழங்காலில்
வட்டம் வட்டமாய் ஓட்டின் அச்சு,
இரண்டில் ரத்தம்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்.
வழித்த சதுரத்தின் மூலையில்,
திருகாணித் தலைமேல்,
கல்லும் இல்லாத, துணையும் இல்லாத
வழுக்குப் பித்தளையில்
ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
தொட்டால் அசையவில்லை. ஒட்டியாகிவிட்டது.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
பென்சில் கையில் நிற்கிறேன்.
முதல் அலை
செருப்புக்குள் வந்துவிட்டது.