கொசுறு

ஆறு வயது, மூன்றரைக் கிலோ.
பண்ணையை மூடிய அன்று
ஒன்பது நாய்கள் என்றெழுதிக்
கையெழுத்தும் வாங்கிய பிறகு
கடைசிக் கூண்டின் மூலையிலிருந்து
பத்தாவதாக வந்தவளாம்.
அதனால் கொசுறு.

முதல் இரவு சோபாவுக்குப் பின்னால்.
இரண்டாம் நாள் செருப்புத் தட்டின் கீழே.
மூன்றாம் நாள் விடிகாலை
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
ஈரத்தில் வழுக்கிக்
குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
மேசைக்கடியில் இரண்டு கண்கள்
அடிக்காகக் காத்திருந்தன.

துடைத்தேன்.
முப்பத்தைந்து வயதாகட்டும் என்று காத்திருந்து
தனியாளாய் வாங்கிய ஈரறை வீடு.
இந்தத் தரை ஓட்டைத் தேர்ந்தெடுக்க மட்டுமே
மூன்று சனிக்கிழமை ஆனது.

"திட்டாதீங்க. ரெண்டு மணிக்கொருதரம் கீழே இறக்குங்க.
போனதும் பாராட்டுங்க, அந்த நொடியே,"
தொண்டூழியர் ஷு லிங் சொன்னதன் சாரம் இது.
எந்த மொழியில் என்று கேட்கவில்லை.
பண்ணையில் இவள் காதில் விழுந்தது
ஹொக்கியனோ, பர்மியமோ,
தகரக் கூரையில் வெயில் படபடக்கும் ஓசை மட்டுமோ.

புல்லில் விட்டால்
சுடுமணலில் நிற்பவள்போல் கால் மாற்றுகிறாள்.
"போம்மா" என்கிறேன். "கோ, கோ" என்கிறேன்.
இருபது நிமிடம்
நானும் அவளும் ஓர் ஆங்சானா மரமும்.
திரும்பி ஏறும்போது
மின்தூக்கி ஐந்தாம் மாடியைக் கடக்கையில்
கதவின் இடுக்கருகே போய்,
நிதானமாக,
ஒன்றுக்கு இருந்துவிடுகிறாள்.

சின்ன வயதில் அப்பா மிரட்டுவார்:
மின்தூக்கியில் போனால்
கருவி மோப்பம் பிடித்துவிடும்,
கதவு பூட்டிக்கொள்ளும், போலீஸ் வரும்.
முழங்காலிட்டு டிஷ்யூவால் ஒற்றுகிற என் முதுகில்
அந்த மணி இன்னும் அடிக்கக் காத்திருக்கிறது.

பத்தாம் மாடியில் கதவு திறந்தது.
பக்கத்து வீட்டு ரொஹானா அக்கா,
தொழுகைக்குப் புறப்பட்டவர்.
ஓரடி பின்னால் தள்ளி நின்று
குடையின் நுனியால் பொத்தானை
அழுத்திப் பிடித்துக்கொண்டார்,
நான் துடைத்து முடிக்கும்வரை.

பதினோராம் நாள் நல்ல மழை.
கூரையிட்ட நடைபாதையிலேயே நடந்தோம்.
திடீரென்று வாரை இழுத்தாள்,
ஒருநாளும் இழுக்காதவள்.
வடிகாலின்மேல் இரும்புக் கிராதி.
கம்பிக்கு ஒரு பாதமாக
நான்கையும் பார்த்துப் பார்த்து வைத்து
உட்கார்ந்தாள்.
கீழே மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு வருடம் கம்பிவலைமேல்.
தின்றதும் ஈன்றதும் தூங்கியதும் அங்கேதான்.
விழுவது காலடியில் தங்காமல்
கீழே போய்விட வேண்டும்,
அது அவள் கற்ற ஒழுங்கு.
என் வழவழத்த தரையில்
ஒரு துளை தேடித்தான்
மூலை மூலையாக அலைந்திருக்கிறாள்.
நான் பழகாதவள் என்று நினைத்திருந்தேன்.

பாராட்ட மறந்தேன்.
ஷு லிங் சொன்ன நொடி போயே போய்விட்டது.
அப்புறம்தான், ஏனோ, வாயில் வந்தது:
"சமத்து."
ஒரு காது மட்டும் திரும்பியது.

இப்போது குளியலறையில்
கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டு,
அதனடியில் நேற்றைய நாளிதழ்.
வாரம் ஒரு தாளாகக்
கம்பிக்கு மேலே விரிக்கிறேன்.
சில நாள் கண்டுபிடித்துவிடுகிறாள்.
தாளைப் பல்லால் இழுத்து எறிந்துவிட்டு
கம்பியில் ஏறி நின்று என்னைப் பார்க்கிறாள்.
நான் கேக் செய்து ஒரு மாதமாகிறது.

மாலையில் மேலே ஏறும்போது
ரொஹானா அக்கா குடையை
எங்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு
"சுடா?" என்கிறார், ஆயிற்றா என்று.
"சுடா" என்கிறேன்.
அவருடைய மருமகன், என் இரவுப் பணி, மீன் விலை.
ஐந்தாம் மாடி வரும்போது மட்டும்
இருவரும் பேச்சை நிறுத்திக்
கீழே பார்க்கிறோம்.