முட்டை வண்டிக்கு நாலு டயர்

இம்தியாஸ் பாய் கடையில்
கேள்வி கேட்பது நான்,
பதில் போவது முனிரத்தினத்துக்கு.
முனிரத்தினம் என் கொழுந்தன்.
அவன் ஓட்டிய ஒரே வாகனம் சைக்கிள்,
அதுவும் இறக்கத்தில்.
ஆபீசர்ஸ் லைனில் வாங்கிய நன்னாரி சர்பத்தைக்
கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"சாருக்கு ஐவே டயரே போதும்,
சத்தம் வராது, டீசல் குடிக்காது."
சார் உறிஞ்சுகிறார்.

ஓட்டுவது நான் என்றேன்.
தொண்ணூற்றெட்டு மாடல் சுமோ, என் பேரில் ஆர்.சி.
வாரத்தில் ரெண்டு நாள் ஒடுகத்தூர் தாண்டி
பீஞ்சமந்தைப் பக்கம் மலையேறுகிறது,
பள்ளிக்கூடங்களுக்கு முட்டையோடு.
நாற்பது அட்டை, ஆயிரத்து இருநூறு.
உடைந்தது என் கணக்கில்.

பாய் இப்போதுதான் என்னைப் பார்த்தார்.
பிறகு வண்டியைப் பார்த்தார்.
"இத வித்தா எத்தினிக்கா வரும்?"
அறுபதாயிரம், கண் தெரியாதவன் வாங்கினால்.
"மலைக்கு ஏத்த டயர் நாலும் இருபத்தெட்டு."
வண்டியில் பாதி விலைக்குச் செருப்பு.
ஆனால் வெறுங்காலோடு மலையேற
வண்டிக்கு வேண்டுதலா இருக்கிறது?

தார் முடிகிற இடத்தில் ஒரு நாவல் மரம்.
அதற்கப்புறம் ஜல்லி.
அதற்கும் அப்புறம், ஜல்லி இருந்த இடம்.
மழை பெய்தால் செம்மண் சோப்பு.
போன கார்த்திகையில் மூணாவது வளைவில்
பின்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்தது,
மாடு ஒதுங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.
கீழே மூங்கில்.
அன்றைக்கு உடைந்தது நாலே நாலு.
வீட்டில் அதை மட்டும்தான் சொன்னேன்.

சர்பத் உறிஞ்சும் சத்தம் நின்றது.

பாய் பரண்மேலிருந்து ஒரு செட் இறக்கினார்,
"இது இருபதுக்கு முடிச்சிடலாம், புச்சு."
கட்டை கட்டையாய் ரப்பர்,
இடையில் சுண்டுவிரல் போகும் பள்ளம்.
குனிந்து பக்கச்சுவரில் நாலு எண்ணைப் படித்தேன்:
முப்பத்திரண்டாம் வாரம், பதினேழாம் வருஷம்.
"ரோட்டையே பாக்காத டயருக்கா."
உட்கார்ந்தே கிழடானது பாய்.
ஓடிக் கிழடானது ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது,
மேலே கீழே ரெண்டில் ஒன்றாவது இளசாக இருக்கட்டும்.
அவர் சிரித்துவிட்டு
இந்த வருஷத்துச் சரக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.
ஆறு தவணை. முதல் தவணைக்கு என் கம்மல்.

அணைக்கட்டு வரைக்கும் தாரில்
தேனீப் பெட்டிமேல் உட்கார்ந்த மாதிரி ஒரு ரீங்காரம்.
ஸ்டியரிங் கனத்தது. டீசல் முள் சீக்கிரம் சாய்ந்தது.
மூணாவது வளைவில் வண்டி மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது;
நான் மூங்கிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
மேலே போய்ச் சத்துணவுச் செவ்வந்தி எண்ணினாள்.
ஐம்பத்தொன்று.
இதுவரை அவ்வளவு உடைந்ததே இல்லை.
"இன்னாக்கா, பாறையிலயா உருட்டிக்கினு வந்த?"

தடித்த சுவர். முழுக் காற்று.
டயர் வாங்காத அடியை முட்டை வாங்கியிருக்கிறது.

அடுத்த நடையில் நாவல் மரத்தடியில் இறங்கி
வால்வை ஆணியால் அழுத்தினேன்.
முப்பத்தைந்திலிருந்து இருபத்து நாலு.
உஸ்ஸென்று நாலு பெருமூச்சு.
சக்கரங்கள் கொஞ்சம் தொப்பை போட்டு நின்றன.
ஊர்ந்துதான் போனேன். உடைந்தது பதினொன்று.
இறங்கி வந்து அதே மரத்தடியில்
முனிரத்தினம் கால் பம்பு மிதித்தான்,
ஒரு மணி நேரம், வாய் திறக்காமல்.
வேண்டாம் என்றாலும் இப்போது கூடவே வருகிறான்.

வேலூருக்குள் நுழைந்ததும்
டக் டக் என்று ஏதோ வண்டியோடு நடக்கிறது.
வீட்டில் நிறுத்தி
ஸ்க்ரூடிரைவரால் பள்ளங்களை நெம்பினால், ஜல்லி.
மலையில் போட்ட கொஞ்ச ரோட்டையும் நான்தான்
பொறுக்கிக்கொண்டு வருகிறேன் போல.
வாசல் ஓரம் பழைய பெயிண்ட் டப்பாவில் சேர்கிறது.
ஒரு லோடு ஆனதும்
ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும்.