நியூட்ரலில் ஒருமுறை

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் ஆரம்பித்தது.
இரண்டாம் கியரில் மிதித்தேன்.
வண்டி போவதற்குள்
சத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது.
முன்னால் போன ஸ்கூட்டர்காரர்
லாரிக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கினார்,
பிறகு என் பன்னிரண்டு வயது ஆல்ட்டோவைப் பார்த்து
ஒதுங்கியதற்காக வருத்தப்பட்டார்.

ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.
வீல் பேரிங் என்றான் தம்பி,
ஓசூரில் இருந்துகொண்டே, போனில்.
கிளட்ச் என்றார் எதிர்வீட்டு சிக்கராஜு.
விற்றுவிடு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.
கூட வரும் மாலினி ஒன்றும் சொல்லவில்லை,
ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.
குழாயில் சிவப்பு ஏறும் முன்பே
"சர்க்கரையாத்தான் இருக்கும்" என்கிற சொந்தக்காரர்களைத்
தினமும் பார்க்கிறேன்.
மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன்.
அதையும் நோயாளிகளிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

நீலசந்திராவில் மசூதிக்குப் பின் சந்து.
ஃபயாஸ் பானெட்டைத் திறக்கவில்லை. கேட்டான்.
ஆறிக் கிடக்கும்போது அதிகமா, ஓடிச் சூடான பிறகா?
ஆறிக் கிடக்கும்போது.
ஏற்றத்தில்?
உயிர் போகும்.
திருப்பும்போது? பிரேக் போடும்போது?
இல்லை, இல்லை.
சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா என்று
நான் கேட்கும்போது
என் முகமும் இப்படித்தான் இருக்குமோ?

"நியூட்ரல்ல ஒருவாட்டி மிதிங்க அக்கா."
மிதித்தேன். நின்ற இடத்திலேயே கத்தியது.
டீக்கடை நாய் எழுந்து இடம் மாற்றிப் படுத்தது.
"சக்கரம் சுத்தல, சத்தம் வருது. பேரிங் இல்ல."
ஒரே வரியில் தம்பி அவுட்.
பின்னாலேயே, கிளட்சை மிதிக்கவிட்டு, சிக்கராஜுவும்.

இன்ஜின் ஆறட்டும் என்றான்.
இரண்டு டீ ஆனது.
பிறகு முனீந்திரா ஈரக் கோணியைச் சுருட்டி
சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்க,
ஃபயாஸ் ஒரு முழம் தோட்டக் குழாயை எடுத்து
ஒரு முனையைக் காதில் வைத்தான்,
மறு முனையை இன்ஜின்மேல் நகர்த்திக்கொண்டே போனான்.
அவன் மூச்சை அடக்கினான். நானும் அடக்கினேன்,
காரணமில்லாமல்.

மூன்றாவது சிலிண்டர் பக்கம் நின்றது குழாய்.
என்னையும் கேட்கச் சொன்னான்:
குக்கர் மூடி சரியாகப் பொருந்தாத வீட்டின்
புஸ், புஸ், புஸ்.
மேனிஃபோல்டு ஓரத்தில்
அழுத கண்ணின் மைபோல் கரி தீற்றியிருந்தது.

கேஸ்கெட் ஜே.சி. ரோட்டில் நானூற்று அறுபது.
அது பெரிதில்லை. பாதியில் முறிந்துபோன ஒரு ஸ்டட்
வரமாட்டேன் என்று நின்றது.
எண்ணெய் விட்டான், சூடு காட்டினான்,
தட்டினான், திட்டினான், உருதுவில் கொஞ்சினான்.
நட்டு ஒன்றை அதன் தலையில் பற்றவைத்துத் திருகியபோது
மாலை நான்கரை.
எடுத்த துண்டை என் உள்ளங்கையில் வைத்தான்,
பிடுங்கிய பல்லைத் தருவதுபோல்.
இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றிரவு ஷிப்ட் முடிந்து
மேம்பாலத்தில் ஏறுவதே தெரியாமல் ஏறி இறங்கினேன்.
"ரேடியோவைக் குறைச்சுக்கோ" என்றேன்.
மாலினி அதைப் போடவே இல்லை.
தூங்கிப்போயிருந்தாள்.

பதினொன்றே முக்கால். கேட் சாத்தியிருந்தது.
தெருமுனையில் நான் ஏற்றத்துக்கு மிதிக்கும்போதே
எழுந்து திறந்து வைத்திருப்பான் திலக் பகதூர்.
என்மேல் அவனுக்குத் தனி மரியாதை என்று
இந்த மூன்று மாதமும் நம்பியிருந்தேன்.
ஹாரன் அடிக்க மனமில்லை,
முதல் மாடியில் கைக்குழந்தை.
இறங்கிப் போய்க் கம்பியில் சாவியால் தட்டினேன்.

டார்ச் முதலில் என் முகத்துக்கு வந்தது.
"காடி எங்கே மேடம்?"
பின்னால் காட்டினேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.
நம்பர் பிளேட்டைப் படித்தான்.
பானெட்டில் கை வைத்தான்,
சுட்டது போலிருக்கிறது,
உதறிக்கொண்டே போய்
கேட்டைத் திறந்தான்.