எட்டுக்குப் பத்து

விடிகாலை நாலரைக்குப் போன்.
"சேர்மன் போய்ட்டாரு. கடையைத் திறங்க."
புதுவயலில் அந்நேரம்
அவியும் நெல்லின் வாசம் மட்டுந்தான்
எழுந்து நடமாடும்.

ஆறு மணிக்குள் பதினோரு பேர்.
ரைஸ் மில் சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு,
அவர்மேல் வழக்குப் போட்டு
ஏழு வருடம் தேவகோட்டைக் கோர்ட்டுக்கு அலைந்தவரும்
எட்டுக்குப் பத்து வேண்டும் என்றார்.
"என் பேரு ரோட்டுலேர்ந்து தெரியணும்."

வார்த்தைகள் என்னிடம் தயார்.
கண்ணீர் அஞ்சலி என்றே ஒரு ஃபோல்டர்.
மாமனிதர், கல்வி வள்ளல், ஏழைகளின் ஏந்தல்.
போன மாதம் கந்துவட்டி சொக்கநாதன் வள்ளலாக இருந்தார்,
அவரை அழித்துவிட்டு
இராம. உடையப்பன் என்று அடித்தேன்.
சதுர அடி பதினான்கு ரூபாய்.
எந்த வார்த்தைக்கும் அதே விலை.

மேல ஊருணியைத் தூர் வாரியவர்.
கீழ ஊருணியை மூடி
மச்சினன் பேரில் மண்டபம் கட்டியவர்.
என் கல்யாணம் அங்கேதான் நடந்தது,
பாதி வாடகைக்கு.

படந்தான் சிக்கல்.
கட்சிக்காரர்கள் அனுப்பியதெல்லாம்
வாட்ஸ்அப்பில் தேய்ந்தவை.
பெரிதாக்கினால் மூக்கு கட்டம் கட்டமாக உடைகிறது.
தெளிவாக ஒன்று என்னிடமே இருந்தது.
இரண்டாயிரத்து ஒன்பது, சமுதாயக் கூடம்,
பெண்களுக்கு இலவசக் கணினிப் பயிற்சி.
அவர் சான்றிதழை நீட்டுகிறார்.
வாங்குகிறவளுக்கு இரட்டைச் சடை,
கேமராவுக்குச் சிரிக்கத் தெரியாமல்
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.
"பொட்டப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு" என்ற என் அப்பாவிடம்
வாசலில் புல்லட்டை அணைக்காமலே சொன்னார்:
"கட்டிக்கொடுக்குற வரைக்குமாச்சும் கத்துக்கிடட்டும்யா."
நன்றி சொல்லவும் கோபப்படவும்
அந்த ஒரே வாக்கியந்தான் எனக்கு.

அதே வருடம் ஐப்பசி.
மூட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு
மில் வாசலில் உட்கார்ந்தார்கள் லோடுமேன்கள்.
பேசித் தீர்க்கிறேன் என்று வந்தார்.
எல்லாருக்கும் டீ சொன்னார், வடையும்.
மொதலாளிகிட்டக் காட்டணும் என்று
பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.
அன்று ராத்திரி போலீஸ் வேன்
அந்தத் தாளின் வரிசையிலேயே
வீடு வீடாக நின்றது.
நாலாவது பெயர் மலைக்கண்ணு, என் அண்ணன்.
மூன்றாம் நாள் திரும்பினான்.
இடது காது இருந்தது.
அதில் ஊர் இல்லை.

மவுஸை இழுத்து என்னை வெட்டினேன்.
சடை போயிற்று, சுடிதார் போயிற்று.
சான்றிதழ் மட்டும் வரமாட்டேன் என்றது,
அவர் விரல்கள் அதைப் பிடித்திருந்தன.
புள்ளி புள்ளியாக அழிக்க அரைமணி நேரம்.
இப்போது வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
கொடுக்கிறாரா, கேட்கிறாரா,
பார்த்தால் தெரியவில்லை.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
தேதியை மட்டும் அடித்தேன்.

பத்தரைக்கு அண்ணன் ஏணியோடு வந்தான்.
மூட்டை ஏற்ற அப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை,
பதினாறு வருடமாகப் பேனர் கட்டுகிறான்.
விரித்தான். பார்த்தான்.
அவன் வலப்பக்கம் போய் நின்று
"வேற ஆளை அனுப்பவாண்ணே" என்றேன்.
கேட்டதோ என்னவோ.
"ஓரத்துல இன்னும் ரெண்டு ஓட்டை போடு.
காத்தடிக்குது, கிழிஞ்சிரும்."

கடைவீதி முக்கில்
ஏணியின் கடைசிப் படியில் நின்று
கம்பியை முறுக்கினான்.
அந்தப் பெரிய வாய்க்கு ஒரு சாண் தள்ளி
அவன் இடது காது.

இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய்,
ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.
"சாஞ்சிருக்கு" என்று
மறுபடி ஏறினான்.